பத்து நிமிஷத்து உப்பு

எனக்கு அவசரமே ஆகாதுங்க ஐயா. திருச்சுழி பஸ்ஸு கண்ணு முன்னால கிளம்பினாலும் ஓடிப்போய் ஏற மாட்டேன். அடுத்ததுல போவேன்.

அயனித் திரவம்னா வேற ஒண்ணுமில்ல, சாதாரண சூட்டுலயே எண்ணெய் மாதிரி ஓடுற உப்பு. அதை நான் ரெண்டு நாள் கொதிக்க வச்சுத்தான் எடுப்பேன். இருபத்திரண்டு வருஷமா எங்க காலேஜுல சென்னய்யா சார் முறைன்னா தனி மரியாதை. பரளச்சியில இருந்து தங்கச்செல்வின்னு ஒருத்தி எங்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தா. வந்தவ, சோறு சூடு பண்ற மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிட்டு வந்தா. பத்தே நிமிஷமாம். கரைப்பான் சொட்டுகூட வேண்டாமாம். கரண்டு மிச்சமாம், பசுமை முறையாம். அடேயப்பா, பூமியைக் காப்பாத்த கிளம்பி வந்துட்டாக பரளச்சி மகராசி.

"உங்க முறையில கேன் கேனா கரைப்பான் வீணாப்போகுதே சார்"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டா. சிரிச்சாக. நானும் சிரிச்சேன். வயிறு எரிஞ்சது, அதை உங்ககிட்ட மறைக்கல.

அவ முறையில ஒரே சூட்சுமம்தான். குப்பியோட மூடி தளர்வா இருக்கணும், ஆவி போகணும். அரை அரை நிமிஷமா சூடு காட்டி, அடுப்புக் கதவைத் திறந்து, நிறம் மாறிச்சான்னு குனிஞ்சு பார்ப்பா.

வெளியூர்ப் பேராசிரியர்களுக்கு அவ அதைச் செஞ்சு காட்டணும். அதுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒத்திகை. அவ ஊருல விதைப்பெட்டியை மூத்தவுக கையால வாங்கித்தான் விதைப்பாகளாம். அதனால எப்பவும் முதல் குப்பியை எங்கிட்ட நீட்டுவா.

"தொட்டுக் குடுங்க சார்."

வாங்கினேன். மூடியை நல்லா இறுக்கித் திருப்பிக் குடுத்தேன். கண்ணுல ஒத்திக்கிட்டா. என் கையில இருந்து வந்ததை அவ சரிபார்க்க மாட்டா, அது எனக்குத் தெரியும். ஆவி துளிகூட வெளிய போகலைன்னா இன்னும் பசுமைதானே. வழிகாட்டி திருத்தத்தான செய்யணும்.

அடுப்புல வச்சுச் சூடு காட்டி, கதவைத் திறந்து குனிஞ்சா. வெடிச்சது. ரெண்டு கண்ணுக்கும் பார்வை இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாக.

ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். என் கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு, "மூடியை நாந்தான் கவனிக்கல சார், உங்களுக்குக் கெட்ட பேராப் போச்சே"ன்னு அழுதா. சரி விடும்மான்னு மன்னிச்சுட்டு வந்தேன்.

எழுதிக்கோங்க இன்ஸ்பெக்டர் ஐயா, மூடியை இறுக்கினது நான். ஆனா குப்பி வெடிக்கும்னு சத்தியமா நினைக்கல. அப்ப அவ கதவைத் திறக்குறப்ப பீரோவுக்குப் பின்னால எதுக்குப் போய் நின்னீங்கன்னு கேக்குறீங்க. கண்ணாடித் தூள் மேல பட்டா எனக்கு ஆகாதுங்க.