களி கிண்டிக் கொண்டாடிய நோய்

மலைமேல் குடியிருக்கும் மாரியம்மனின் மண்டபத்தில், மஞ்சளும் மரிக்கொழுந்தும் மணக்கும் இந்த மாலை வேளையில், தலைமையேற்று வீற்றிருக்கும் கோவில் தலைவர் ஐயா சின்னையா அவர்களே, அவருக்கு இருமருங்கும் அமர்ந்திருக்கும் நிர்வாகப் பெரியோர்களே, ரிங்லெட்டிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் பனியைப் பாராமல் ஏறி வந்திருக்கும் உறவுகளே, உழைத்து உழைத்து உள்ளங்கை காய்த்த தாய்மார்களே, தமிழ்ப்பள்ளிச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் உமாதேவியின் பணிவான வணக்கம்.

கயிற்றுக்கு அப்பால், வேலியோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களே, உங்களுக்கு ஒரு வணக்கம் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் இந்த மேடையில் அம்மனின் அருளைப் பாடியிருக்கிறேன். சிரிக்க வைத்திருக்கிறேன், சிலிர்க்க வைத்திருக்கிறேன், கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். இந்த ஆண்டும் அதே தலைப்பைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அருளைப் பேச இன்று என்னிடம் சொல் இல்லை. நம் அறியாமையைப் பேச வந்திருக்கிறேன். தலைவர் நிமிர்ந்து பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்தருளுங்கள் ஐயா.

யுவனேஸ்வரியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். குகனேஸ்வரனின் மனைவி. கியா பார்மில் காய்கறிக் கடையில் வேலை செய்தவள். லைன் வீட்டு வரிசையில் என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நாற்பத்தேழு வயதில் அவள் மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, முடி முளைத்தது. மாதவிலக்கு நின்றது.

கோவில் மேடையில் பேசுகிற பேச்சா இது என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அண்ணே, நீங்கள் பிறந்ததே அதனால்தான். இருந்து கேளுங்கள்.

விலக்கு நின்ற பெண்கள்தான் இங்கே அம்மனுக்கு மாலை கட்டலாம் என்பது நம் வழக்கம். அந்தப் பேறு அவளுக்குக் கிடைத்தது. "நோவு குடுத்த ஒரே நல்லது இதுதான்க்கா" என்று சிரித்துக்கொண்டே செவ்வந்தியைத் தொடுப்பாள். அவள் கட்டிய மாலை அம்மன் தோளில் எத்தனை அழகாக விழும் என்பதைப் பார்த்தவர்கள் நீங்கள்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று, பல ஆண்டுகளுக்கு. குறித்த தேதிக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், உடம்பில் ஹார்மோன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஏன் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மருந்து ஏறி மயங்கிக் கிடந்தவள் காதில் எத்தனை ஏறும்? ரத்தம் கொடுக்கணும் என்பது நினைவில் நின்றது. காரணம் நிற்கவில்லை. ஆரம்பத்தில் தவறாமல் போய் வந்தாள்.

பிறகு ஒரு மாதம், நின்றுபோன விலக்கு அவளுக்குத் திரும்ப வந்தது.

என்ன செய்தோம் நாம்? அஞ்சினோமா? ஆஸ்பத்திரிக்குச் சொன்னோமா? இல்லை. உளுந்தங்களி கிண்டினோம். ஆமாம், வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டிப் போடுவோமே, அதே களி. எதிர் வீட்டுச் செல்லம் அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். "அடியே, செத்த ஒடம்புக்கா ரத்தம் வரும்? நீ தேறிட்டலா. புதுசா சமஞ்சிருக்க" என்றார். லைனே சிரித்தது. குகனேஸ்வரன் தானா ராத்தா டவுனுக்குப் போய்ப் புடவை வாங்கி வந்தான். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் மணக்க மணக்க எல்லோரும் தின்றோம். இனித்தது.

பரிசோதனைத் தேதியும் அந்த நாட்களிலேயே வந்தது. "இருக்கறதே போய்க்கிட்டு இருக்கு. இதுல ஊசி போட்டு வேற எடுக்கணுமா? நின்னதும் போலாம்" என்றார் செல்லம் அக்கா. நியாயமாகப் பட்டது. நின்றதும் பள்ளி விடுமுறைக் கூட்டம் மலையேறி வந்தது, கடை முதலாளி, அந்தத் தவுக்கே, லீவு தரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த மாசம் வரேன் என்றாள். அடுத்த மாதமும் அதே விலக்கு, அதே தயக்கம். எந்த ரத்தம் "உடனே ஓடி வா, என்னைப் பரிசோதித்துப் பார்" என்று அவளைக் கூப்பிட்டதோ, அதே ரத்தத்தைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டோம்.

செல்லம் அக்கா, தலை குனியாதீர்கள். களி தின்ற எவருக்கும் உங்களைக் குறை சொல்ல வாய் இல்லை.

விலக்கு வந்ததும் அவள் மாலை கட்டும் பலகையை விட்டு எழுந்தாள். விலக்கு நாட்களில் பெண்கள் உட்கார வேண்டிய அதோ அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மாதம் தவறாமல் உட்கார்ந்தாள். பூசாரிக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியும். பூக்கூடை கொண்டு வருபவனுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் அம்மனுக்குத் தெரியும். டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது.

"அப்போ கோவில் வழக்கத்த கொற சொல்றியாம்மா?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். வழக்கம் சரியா தவறா என்று வழக்காட இன்று எனக்குத் தெம்பில்லை ஐயா. அந்தப் பெஞ்சு மாதாமாதம் நமக்குச் சேதி சொன்னது. நாம் கண்ணால் பார்த்தோம், கருத்தில் வாங்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

பிறகு இடுப்பு வலி வந்தது. முட்டைக்கோஸ் கூடை தூக்கியதால் என்றோம், தைலம் தேய்த்தோம். ஒருநாள் கடையில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நோய் எலும்புக்குப் போயிருந்தது.

அங்கே நர்ஸ், மிஸ்ஸி ஷாரன், நம் தமிழ்ப் பிள்ளை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நடுவுல தீட்டு எதுவும் பட்டுச்சா?"

"அது வந்து ஒரு வருஷமாச்சு மிஸ்ஸி. மாசாமாசம் ஒழுங்கா வருது" என்றாள் யுவனேஸ்வரி, ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

"ஏங்க்கா போன் பண்ணல?"

"நல்லதுதானேன்னு நெனச்சோம்."

ஷாரன் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்துதான் விளக்கினாள். பெண்ணுடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்று வளர்வது இவளுக்கு வந்த புற்றுநோய். சினைப்பை ஓய்ந்துவிட்ட உடம்பிலும் அது கொஞ்சம் ஊறும், அதை நிறுத்தத்தான் அந்த மாத்திரை. ஓய்ந்த சினைப்பை விழித்துக்கொண்டால் மாத்திரையால் அதை அடக்க முடியாது. வாய்க்காலை மறித்துவிட்டு நாம் சும்மா இருந்தோம், மேலே ஊற்றே திறந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ரத்தப் பரிசோதனை. தெரிந்திருந்தால் மருந்தை மாற்றியிருப்பார்கள், சினைப்பையை அடக்க வழி பார்த்திருப்பார்கள்.

முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா? டாக்டரைக் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். இனிக் குணமாக்க முடியாது, கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். பிழைத்திருப்பாள் என்றால் கதறலாம். பிழைத்திருக்க மாட்டாள் என்றால் ஆறலாம். தெரியாது என்றால் என்ன செய்வது? அந்தத் தெரியாதை வைத்துக்கொண்டு குகனேஸ்வரன் மீதிக் காலத்தை எப்படிக் கழிப்பான்? என் நெஞ்சு வெந்துபோயிருக்கிறது, வேறென்ன சொல்ல?

தேர் கிளம்ப நேரமாகிறது என்று தலைவர் கை காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

இந்த மண்டபத்தின் ஒலிபெருக்கி ஒன்று கீழே லைன் முனைக் கம்பத்தில் தொங்குகிறது. அதன் எதிரே இருக்கும் வீட்டில்தான் யுவனேஸ்வரி படுத்திருக்கிறாள். படியேற முடியாததால் வரவில்லை. நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுகிறது. பேசச் சொன்னதே அவள்தான். "எம்பேர சொல்லியே பேசுக்கா. மறச்சு என்னா ஆகப் போவுது? மேடையேறுனதும் அந்தப் பெஞ்சப் பாரு. என்னயப் போல எவளாச்சும் உக்காந்திருக்காளான்னு பாரு" என்றாள்.

பார்த்தேன். சின்னப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் இன்னொருத்தி. பெயர் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அவள் நம் வீட்டுப் பெண். போன ஆண்டு அவளுக்கும் மார்பில் அறுவை. அவளுக்கும் அதே மாத்திரை. யுவனேஸ்வரி எழுந்துபோன பலகையில் உட்கார்ந்து, போன மாதம் வரை அம்மனுக்கு மாலை கட்டியவள் அவள். இன்று பெஞ்சில் இருக்கிறாள். அவளைக் கடந்துதான் நாம் எல்லோரும் உள்ளே வந்தோம். யாருக்காவது ஏதாவது தோன்றியதா? இந்த மைக்கைப் பிடிக்கும் வரை எனக்கும் தோன்றவில்லை. இத்தனைக்குப் பிறகும் தோன்றவில்லை என்றால் நாம் எப்போதுதான் கற்போம்?

தாயே, யார் களி கொடுத்தாலும் தின்னாதே. ஈப்போவுக்குப் போக, நம் லைனில் வேன் ஓட்டும் சிரில் நாளை விடிந்ததும் உன் வாசலில் நிற்பார். உன் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருகிறேன். விலக்கு நிற்கட்டும் என்று காத்திருக்காதே. அது வந்திருக்கிறது என்பதால்தான் ரத்தம் கொடுக்க வேண்டும்.

பொறுமை காத்த தலைவருக்கும், செவி கொடுத்த சபைக்கும், ஒலிபெருக்கியை நிறுத்தாமல் விட்ட தம்பிக்கும் என் நன்றி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களே, பாக்கி வைத்த வணக்கத்தைக் கைகூப்பிச் செலுத்துகிறேன்.

யுவனேஸ்வரி, பார்க்கச் சொன்னாயே, பார்த்துவிட்டேன். ஒருத்தி இருக்கிறாள் அம்மா. உனக்கும் வணக்கம்.