வயிற்றில் வைத்த விரல்

"பூன கட்சா வயித்துலயா ஊசி போடுவாங்க, மச்சான்?"

பூந்தமல்லியிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில், கையில் துணி சுற்றியிருந்த இளைஞன் தன் மைத்துனனைக் கேட்டான்.

"ஆமா. பூனய எங்க தொட்ட?"

"மல்லாந்து படுத்துகினு இருந்திச்சி. தலய, தாடய தடவனேன், கம்முனு கெடந்திச்சி. வயித்துல கை வச்சேன், கட்சிடிச்சி. வெறி புடிச்ச பூனையோ இன்னாவோ!"

"ஊசி இங்கதான் எறங்கும்" என்று மைத்துனன் அவன் தொப்புளருகே விரல் வைத்தான். இளைஞன் அலறி, அவ்விரலைத் தட்டிவிட்டான்.

"பாத்தியா? உனுக்கு இன்னா வெறியா புடிச்சிகீது? அதுக்கும் வயித்துலதான் உசுரு."

பஸ்ஸே சிரித்தது.

"அப்ப அதுக்கு வெறி இல்லனா, ஊசி வாணாமே. எறங்கிடலாமா?"

"பூன இப்ப எப்டி கீது? பத்து நாளு நல்லா இருந்தாதான் வெறி இல்லனு அர்த்தம்."

"கட்சதுலேர்ந்து ஊட்டாண்டயே வர்ல, மச்சான்."

சிரிப்பு அடங்கிற்று. அவனும் இறங்கவில்லை, வயிற்றைப் பொத்திய கைகளும் இறங்கவில்லை.