டாப்பெட்டு என்று சொன்னேன்

உலகத்தில் மனுஷன் பொய் சொல்வான், சாட்சி பொய் சொல்வான், சாகக் கிடக்கிறவன்கூடப் பொய் சொல்வான். எஞ்சின் மட்டும் பொய் சொல்லாது. முப்பத்தெட்டு வருஷத் தொழிலில் நான் கண்ட சத்தியம் இது. பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். ஒரே மாதத்தில் அதன் மேல் மூலநோய் வைத்தியர் ஒருவருடைய நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள்.

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி ஐயா. என் பெயர் சவரிமுத்து. ராயபுரத்தில் மேஸ்திரி என்றால் நான்தான். மற்றவர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அது வேறு விஷயம். நான் வந்த காரியம் இதுதான்: இருபத்திரண்டு நாளாக ரஷீதை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். தேசப்பன் செத்தது என்னால். வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டால் ஏதாவது விட்டுப்போகும்.

என் தொழிலே காதுதான். நீளத் திருப்புளியின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடுவேன். பட்டறையில் பேச்சு நின்றுவிடும். எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற திருமலைகூடக் கையை நிறுத்துவான். பிறகு கண்ணைத் திறந்து, நோயின் பெயரை ஒரே வார்த்தையில் சொல்வேன். இதைப் பார்ப்பதற்கென்றே எண்ணூரிலிருந்து லாரிக்காரர்கள் வருவார்கள். கண்ணை மூட வேண்டிய அவசியமில்லை. மூடாவிட்டால் கூலியைக் குறைத்துக் கேட்கிறார்கள்.

ரஷீதுக்கு இதெல்லாம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பட்டறைக்கு நாலு கடை தள்ளி ஷெட் போட்டான். எஞ்சினை ஓடவிட்டு பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். எந்த வயரைப் பிடுங்கும்போது தட்டல் அடங்குகிறதோ அந்த சிலிண்டரில் நோய். அப்புறம் அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி, ஆயிலை உள்ளங்கையில் வாங்கி வெயிலில் காட்டுவான். மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது.

கார் ஹென்றியுடையது. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஆசையாகத் தமக்கு விட்டுப்போன கார் என்பார். ஏலத்தில் எடுத்தது என்று தெருவுக்கே தெரியும். நாற்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. ஓட்டுவதற்குத் தேசப்பனை வைத்திருந்தார். அவன் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்பது உத்தரவு. தெரு திரும்பியதும் அவன் அதைக் கழற்றி ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவான்.

சத்தத்தை முதலில் கேட்டவன் தேசப்பன்தான். மேடு ஏறும்போதும் பாரம் இருக்கும்போதும், அடியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல இருந்ததாம். நேராக ரஷீதிடம் போயிருக்கிறான். கனெக்டிங் ராடின் அடிப் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், பத்து நாள் ஆகும், அதுவரை வண்டியைத் தொடாதே என்று ரஷீது சொல்லியிருக்கிறான். அந்தப் பேரிங்கைப் பட்டறையில் நாங்கள் பிக்கெண்டு என்போம்.

ஹென்றிக்குப் பத்து நாள் ஏது. அடுத்து வந்த புதன்கிழமை மகள் ஐரீனுக்குக் கல்யாணம். பெண் சொந்தக் காரில் வந்து கோயில் வாசலில் இறங்கப்போகிறாள் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. ஆகவே ஆறு நாள் இருக்கும்போது என்னிடம் வந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒருவன் சொன்ன நோயை அடுத்தவன் சொல்ல மாட்டான். சொன்னால் வேலை முதல் ஆளுக்கே திரும்பிப் போகும். மேஸ்திரியே அவன் சொன்னதைத்தான் சொன்னார் என்ற பேச்சும் கூடவே போகும். அதனால் மூன்று பட்டறை ஏறி இறங்கிய வண்டிக்கு மூன்று நோய் இருக்கும். விவரமான டிரைவர், முதல் பட்டறையில் கேட்டதை இரண்டாவதில் மூச்சுவிட மாட்டான். தேசப்பன் விவரமில்லாதவன். வண்டியை நிறுத்தின உடனே, பத்துப் பேர் நிற்கும்போது, "ரஷீது பாய் பிக்கெண்டுன்னு சொல்லிட்டாரு நைனா" என்றான். அந்த நிமிஷத்திலிருந்து பிக்கெண்டு எனக்கு இல்லை.

திருப்புளியை ஊன்றினேன். கண்ணை மூடினேன். கேட்டது ஐயா. தெளிவாகக் கேட்டது. ஆழத்திலிருந்து கனமாக, நிதானமாக ஒரு தட்டல். பிக்கெண்டுதான், சந்தேகமே இல்லை. கண்ணைத் திறந்து, "டாப்பெட்டு" என்றேன்.

டாப்பெட்டு எஞ்சினின் மேல்பக்கத்துச் சமாசாரம். சலசலக்குமே தவிர ஆளைக் கொல்லாது. கால் மணி நேர வேலை. ஹென்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேசப்பன் மட்டும் நகரவில்லை.

"இன்னொருதபா கேளு நைனா. மேல இல்ல, கீழ தட்டுது. ஓட்டுற எனக்கே கேக்குது."

"உனக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதாடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீக்கடையிலிருந்து திருமலை, "இன்னா தேசப்பா, காத வாடகைக்கு வுடப் போறியா?" என்றான். தேசப்பனும் சிரித்துவிட்டான். நல்ல பையன், நாலு பேர் சிரித்தால் கூடச் சிரிக்கிறவன். டாப்பெட்டை அட்ஜஸ்ட் செய்து, மேலுக்கு அரை டப்பா கெட்டி ஆயிலும் ஊற்றினேன். கெட்டி ஆயிலில் தட்டல் சில நாள் அமுங்கிக் கிடக்கும். புதன்கிழமை தாண்டிவிடும் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது.

கல்யாணச் சமையலுக்கு எண்ணூரில் உறவுக்காரர் வீட்டிலிருந்து அண்டாக்களை ஏற்றிக்கொண்டு தேசப்பன் தனியாக வந்துகொண்டிருந்தான். காலடிப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ராடு முறிந்து எஞ்சின் ஒரே அடியாக இறுகியது. சக்கரம் பூட்டிக்கொண்டு நடு ரோட்டில் வண்டி நின்றது. பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. லாரிக்காரன் மேல் தப்பில்லை. தேசப்பனுக்கு முப்பத்தொரு வயசு.

ஐரீனின் கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. டாக்ஸியில் போனார்கள். ஹென்றிக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரி, வண்டியைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார். இந்தக் கட்டடத்தின் பின்பக்கம்தான் கிடந்தது. அடியில் படுத்தேன். ஆயில் பார்க்க ரஷீது கழற்றி மாட்டிய அடிப் போல்ட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஒழுங்கான வேலைக்காரன். ஸ்பேனரை வைத்து மூன்று சுற்று தளர்த்தினேன். மிச்சமிருந்த ஆயில் என் சட்டையில் கொட்டியது. வெளியே வந்து, ரஷீது போல்ட்டை இறுக்காமல் விட்டிருக்கிறான், ஆயில் வழியெல்லாம் ஒழுகி எஞ்சின் இறுகிவிட்டது என்றேன். ஏட்டு எழுதிக்கொண்டார். என் சட்டை போய்விட்டதற்காக வருத்தப்பட்டார்.

நாலாம் நாள் ரஷீதின் பெண்சாதி ஜெரினா பட்டறைக்கு வந்தாள். தொழிலில் மூத்தவன் என்று என்னிடம் வந்தாள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்களாம். அவன் என்னைப் பற்றி ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லையாம். நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். என் கையில் என்ன இருக்கிறதம்மா, எஞ்சின் பொய் சொல்லாது என்றேன்.

"எஞ்சின் எங்க பேசிச்சு பெரியவரே," என்றாள். "நீங்கதானே பேசினீங்கோ."

டீயைத் தொடாமல் போய்விட்டாள். ஆறிப்போனதை நானே குடித்தேன்.

அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அப்போது வரவேண்டிய காரணம் எதுவும் இல்லை. போன வெள்ளிக்கிழமைதான் சர்க்கார் வண்டி இன்ஸ்பெக்டர் வந்து எஞ்சினைப் பிரித்தார். பேரிங் மாசக்கணக்கில் தேய்ந்து காகிதமாகக் கிடக்கிறது, பின் ஸீட்டில் தூங்குகிறவனுக்குக்கூடத் தட்டல் கேட்டிருக்கும் என்று சொன்னாராம். உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் டீக்கடையில் அதைச் சொல்லிவிட்டார். போல்ட்டு தளர்ந்திருந்ததால் ரஷீதை நீங்கள் விடவில்லை. சரி. ஆனால் கடையில் பேச்சு ரஷீதைப் பற்றி இல்லை. திருமலை பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தே, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேஸ்திரிக்குக் காது பூட்ச்சுபா. வயசாயிட்ச்சு இல்ல. அவர ஒண்ணும் கேக்காதீங்கோ, பாவம்."

பாவம் என்றான் ஐயா. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் நகர்ந்து எனக்குப் பெஞ்சில் இடம் கொடுத்தான். அடுத்த நாள் இரண்டு லாரி என் வாசலைத் தாண்டிப்போய், பூட்டிக் கிடக்கிற ரஷீதின் ஷெட் முன்னால் நின்று, அவன் எப்போது வருவான் என்று விசாரித்தது. இன்றைக்குக் காலையில் கிளம்பி இங்கே வந்துவிட்டேன். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகவே தெளிவாக எழுதுங்கள். தெரியாமல் சொன்னவன் இல்லை நான். பிக்கெண்டு என்று தெரிந்தே டாப்பெட்டு என்றேன். தெரிந்தே தேசப்பனைச் சாக அனுப்பினேன். தெரிந்தே ரஷீதை மாட்டிவிட்டேன். என்ன செக்‌ஷன் உண்டோ போடுங்கள். கொலைகாரன் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். காதில் பழுது இல்லை என்று மட்டும் ஒரு வரி வேண்டும். பேப்பர்காரர்கள் வந்தால் அந்த வரியைக் காட்டவும் வேண்டும்.

எந்த சிலிண்டர் என்கிறீர்களா. நியாயமான கேள்வி. அவ்வளவு தெளிவாகக் கேட்டவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. மூன்றாவது. யோசிக்கவே வேண்டாம், மூன்றாவது.

வண்டி இன்ஸ்பெக்டருடைய ரிப்போர்ட்டை எதற்கு என் பக்கம் திருப்புகிறீர்கள். கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. முறிந்த ராடு ஒன்றாவது சிலிண்டருடையது என்று போட்டிருக்கிறது. கீழே கையெழுத்தும் இருக்கிறது.

கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரஷீதை விடுவதற்குப் போல்ட்டு விஷயம் போதும் அல்லவா. அது உண்மை, அப்படியே இருக்கட்டும். தெரிந்தே சொன்னேன் என்கிற வரியை அடித்துவிடலாம். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.