அம்மா தந்த லேகியம்

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறியதும் காதில் விழுந்தது: "பிடிபட்டா, அம்மா தந்ததெண்டு சொல்லு."

எதிரே ஒரு தாய், மடியில் லேகியப் போத்தலுடன். பக்கத்தில், கூடைப்பந்து அணிச் சட்டையில், இருமிக்கொண்டிருந்த நெடுநெடுவென்ற மகள்.

"கடை லேகியத்தில என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும், அம்மா? டெஸ்டில ஊக்கமருந்து காட்டினா, ஆர் தந்ததெண்டு கேக்கமாட்டினம். என்னை விளையாட விடமாட்டினம்."

"அது நியாயமோ?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம். நியாயம்தான்."

தாய் மூடியை இறுக்கினாள். "அப்பா தந்த உயரத்தை ஒருத்தரும் டெஸ்ட் பண்ணேல்லை. நான் தாறதைத்தான் பிழை பிடிப்பினமாம்."

மகள் குனிந்து தாயின் தோளில் தலை சாய்த்தாள்.

"வீட்ட போய்க் கொத்தமல்லி அவிச்சுத் தாங்கோ. நீங்கள் அவிச்சா, அதில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும்."