தள்ளாத சீட்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள். ஒருவர் காரை சர்வீசுக்கு விட்டுவிட்டு வருகிறார்.

“கம்பெனியில விட்டா கூடவே நின்னு பாக்கணுங்க. ஆயில் மாத்தினாங்களான்னு எப்படித் தெரியும்?” என்றார் மற்றவர்.

“டிரைவர் சீட்டைத் தள்ளாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுவேன்.”

“அது எதுக்கு?”

“என் சம்சாரம் ஓட்டின வண்டி. அவ போனப்புறமும் சீட்டு அவ வச்ச இடத்துலதான் இருக்கு. நான் முட்டி இடிச்சுக்கிட்டுதான் ஓட்டறேன்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

“சொன்னா கேப்பாங்களா?”

“போன தடவை வண்டியை வெளியில எடுத்துட்டு வந்த மெக்கானிக் என்னைவிட உசரம். ஸ்டியரிங்ல முட்டி இடிக்க, ஒடுங்கி உக்காந்து ஓட்டிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் ஆயிலைப் பத்தி நான் கேக்கறதே இல்லைங்க.”