பிறேமினியும் மேடையேறட்டும்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய கணேசலிங்கம் அண்ணை அவர்களே, லண்டன் பார்க்கிங் நகரின் தமிழ் மன்றத்தைப் பாடுபட்டு வளர்த்த பெரியோரே, ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்திருக்கும் தாய்மாரே, போனிலிருந்து இன்னும் தலைநிமிராத இளையோரே, அனைவருக்கும் இந்தச் சிவனேஸ்வரியின் அன்பு வணக்கம்!

பெர்னடெற் அவர்களைப் பாராட்டிப் பேசப் பணித்தீர்கள். பாராட்டத்தான் வந்தேன். ஆனால் பற்றியெரியும் கோபத்தோடு நிற்கிறேன்!

யார் இந்தப் பெர்னடெற்? பிரித்தானிய இராணுவத்தில் தாதியாய்ப் பணிபுரிந்த தமிழ்ப்பெண். தொண்ணூறுகளில் ஒருநாள் இராணுவப் பொலிஸார் அவருடைய அறையைக் கிளறினார்கள். "நீ காதலிப்பது பெண்ணையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றிருந்தால் வேலை தப்பியிருக்கும். பொய் சொல்ல மறுத்தார். சீருடையைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்ட கை, யாருடைய கையைப் பிடித்தால் இவர்களுக்கென்ன?

அழுதுகொண்டு வீட்டிலிருந்தாரா? இல்லை! துரத்தப்பட்ட மற்றவர்களோடு பாராளுமன்றப் படியேறினார். உறுப்பினர்களை மறித்து மறித்து நியாயம் கேட்டார். தன்பாலினத்தவர் படையில் பணிபுரியக் கூடாதென்ற தடையை நீக்கச் சட்டத் திருத்தம் வந்தது. தோற்கடித்தார்கள்! பெர்னடெற் சந்தித்த ஓர் உறுப்பினர் சொன்னாராம்: "எனக்கொன்றும் ஆட்சேபமில்லை, சிப்பாய்கள்தான் ஏற்கமாட்டார்கள்."

பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசின் தலையில் குட்டியது. இரண்டாயிரமாம் ஆண்டில் தடை ஒழிந்தது. இராணுவம் இடிந்து விழுந்ததா? "இல்லை" என்கிறீர்களா? இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இந்த மன்றத்தில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் துணையையும் மேடைக்கு அழைப்பதே வழக்கம். சற்றுமுன் டாக்டர் கிறிஸ்துராஜா துணைவியாரோடுதானே ஏறினார்? ஆனால் நம் செயலாளர் றமணன் என் காதருகே வந்து சொல்கிறார்: "அக்கா, பெர்னடெற்றை மட்டும் கூப்பிடுங்கோ. பிறேமினி கீழேயே இருக்கட்டும். எனக்கொண்டுமில்லை, சனம் கதைக்கும்."

பிறேமினி யார்? பெர்னடெற் சட்டப்படி மணந்த துணைவி!

றமணன் தம்பி, தலையைக் குனியாதேங்கோ. அன்று அந்த உறுப்பினர் சிப்பாயைக் காட்டினார். இன்று நீங்கள் சனத்தைக் காட்டுகிறீர்கள். எங்கே அந்தச் சனம்? கதைக்கப்போகிறவர்கள் கையை உயர்த்துங்கள்! ஒரு கையையும் காணவில்லையே? யாருக்குப் பயந்து ஒரு பெண்ணை ஒளித்து வைக்கிறோம்?

பொன்னாடை என் கையில் இருக்கிறது. பிறேமினி ஏறும்வரை இதை விரிக்கமாட்டேன். தலைவர் அண்ணை, இருவரையும் நீங்களே அழையுங்கள்!

நன்றி அண்ணை. பிறேமினி, பார்த்து ஏறுங்கோ. பெர்னடெற்றுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கோ. எழுந்து கைதட்டும் உங்களுக்கு என் நன்றி. கைகட்டி இருப்பவர்களே, உங்களுக்கும் என் வணக்கம்!