பலகைகள் அகற்றப்பட்டன

காலையில் எழுந்ததும் பல் துலக்குவேன். நாய்க்குச் சோறு வைப்பேன். வெந்நீர் கொதிப்பதற்குள் காலணியைத் தேடிப் போட்டுக்கொள்வேன். காபி குடித்துவிட்டு, ஸ்பேனரைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்புவேன். நடக்கச் சொன்னது மருத்துவர். ஸ்பேனர் என் யோசனை.

எங்கள் ஊரை நீங்கள் ஜீப்பில் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நகரத்திலிருந்து ஒரு மணி நேரம். ஊர் என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம். டிராக்டர் உண்டு, உழுவதில்லை. குளம் உண்டு, இறங்கக் கூடாது. நகரத்தில் கம்பெனி வைத்திருப்பவர்கள் இங்கே வந்து ரப்பர் பூட்ஸ் போட்டு, மண்வெட்டியோடு நிற்பார்கள். என் மனைவிக்கு நல்ல வேடிக்கை. "கோழி முட்டை போடுறதுக்குள்ள இவங்க போட்டோ போட்டுடறாங்க" என்பாள். வீடு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆனால் இந்த ஊர்க்காரனாக வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் இருந்தது.

குடியிருப்போர் சங்கத்தில் வயதில் சின்னவன் நான். அதனால் செயலாளர். விடுமுறை நாட்களில் வெளியாட்கள் காரில் வந்து எங்கள் குதிரைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற சிமெண்ட் வியாபாரி, கூட்டத்தில் கேட்டார்: "வழி தெரிஞ்சாத்தானே வருவாங்க?" எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வாரமே தெருப் பலகைகள் அகற்றப்பட்டன. அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். யார் செய்தார் என்று எழுதும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மரம் வெட்டப்பட்டது. தெருநாய்கள் பிடிக்கப்பட்டன. நல்ல தமிழ். யார் மனமும் புண்படாது.

அந்த மழைக்காலத்தில் என் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்ஸ் எங்கள் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்தது. போனில் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் சத்தம் ஒருமுறை கொல்லைப்பக்கம்கூடக் கேட்டது. வந்து சேர்ந்தபோது அவசரம் போய்விட்டிருந்தது.

தலைவர் என் தோளில் கைவைத்து, "விதி, தம்பி" என்றார். உடனே புதிய பலகைகள் வைக்கப்பட்டன. தேக்கு மரம், அழகான அம்பு, ஒரே ஒரு போல்ட். திருப்பினால் திரும்பும்.

ஆரம்பத்தில் விளையாட்டுதான். காலையில் திருப்பிவிட்டுச் சாயங்காலம் பழையபடி வைத்துவிடுவேன். புகார் சொன்னவர்கள் வந்து பார்க்கும்போது அம்பு ஒழுங்காக இருக்கும். யோகா சொல்லித்தரும் அம்மாள் குதிரை லாயத்துக்குப் போய்ப் பாய் விரித்தார். கட்டடக்காரர் மகளின் பிறந்தநாள் கேக், வேலித் தகராறில் அவர்மேல் வழக்குப் போட்டிருந்த வக்கீல் வீட்டில் இறங்கியது. பெயரை மட்டும் வழித்தெடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். "யாரோ நல்லவங்க அனுப்பியிருக்காங்க" என்றாராம் வக்கீல். என் மனைவி போன பிறகு அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

தலைவருக்கு நெஞ்சுவலி வந்ததும் ஒரு காலையில்தான். நாற்சந்தியில் ஆம்புலன்ஸ் என் பக்கத்தில் நின்றது. "சார், குளத்துத் தெரு எந்தப் பக்கம்?"

"பலகை இருக்கே, பாருங்க" என்றேன்.

ஓட்டுநர் நன்றி சொல்லிவிட்டு அம்பு காட்டிய பக்கம் போனார். அந்தப் பாதை கல்குவாரியில் முடியும். நான் வீட்டுக்கு வந்து நாயைக் குளிப்பாட்டினேன்.

'சம்பவத்தன்று பலகை திருப்பப்பட்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அது என்ன, தானா திரும்புச்சா? திருப்பின ஆளு யாருய்யா?" என்றீர்கள். இலக்கணம் தெரிந்தவர். எழுதிக்கொள்ளுங்கள். நான் திருப்பினேன். தலைவர் சாகட்டும் என்றுதான் வழி சொல்லாமல் நின்றேன். ஆனால் ஆரம்பித்து வைத்தது சங்கம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரில் துரு ஏறியிருக்கிறதே, எப்போது வாங்கியது என்று கேட்கிறீர்கள். வெகுநாளாக வீட்டில் இருப்பது. சங்க வேலைக்காக வாங்கியது.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஊரே கேட்டது. "வலிக்கலைன்னு சொன்னா" என்று எல்லோரிடமும் சொன்னேன், அவள் அப்பாவிடமும். அவள் அப்படிச் சொல்லவில்லை. போன் ஸ்பீக்கரில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், "தெருவுக்கு ஒரு பலகைகூட இல்லையே சார், எப்படி வர்றது?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். கோழி, போட்டோ என்று கேலி செய்வாளே, அதே முகம். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்:

"கழட்டினது... நீதானேடா?"